கழுத்து வலித் தைலம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு விதிதான். வேலையைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது. விதியைப் போட்டவள் என் மனைவி. போட வேண்டி வந்தது அவளுடைய தம்பியால்.

இருவருக்கும் ஒரே தொழில். சோப்புக்கும் ஷாம்புவுக்கும் சலவைத்தூளுக்கும் வாசனை கலந்து கொடுப்பது. கடையில் ஒரு சோப்பை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், வாங்கலாமா வைத்துவிடலாமா என்று ஒரு நொடியில் முடிவு செய்கிறோம். அந்த நொடிக்காக யாரோ ஒருவர் மாதக்கணக்கில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து குட்டிக் குட்டி பாட்டில்களோடு மல்லுக்கட்டியிருப்பார். எங்கள் நிறுவனத்தில் அந்த யாரோ என் மனைவி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் போட்டி நிறுவனத்தில் அவள் தம்பி.

நானும் என் மனைவி இருக்கும் நிறுவனத்தில்தான் வேலை செய்கிறேன். கணினிகளில் இருப்பது வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எந்த எண்ணெய் எவ்வளவு சேர்கிறது என்பது வெளியே தெரிந்துவிட்டால், அந்த வாசனை அன்றோடு எங்களுடையது இல்லை. முதலாளி அம்மா என்னைக் காவல்காரர் என்றுதான் கூப்பிடுவார். அதிகம் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். சாப்பாட்டு மேசை விதியும் அதே காரணத்தால் எனக்குப் பிடித்தது. வேலையைப் பேசக்கூடாது என்றால் பாதி நேரம் பேச ஒன்றுமே இருக்காது.

மச்சான் அடுத்த தெருவில் தனியாக இருக்கிறான். தெருமுனையில் நின்றே எங்கள் வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிவிடுவான். தன் அடுப்பில் தீய்வது மட்டும் அவன் மூக்குக்கு எட்டாது. ஆகவே சாயங்காலமானால் எங்கள் வீடு. சின்ன வயதிலிருந்தே எதையாவது முகர்ந்தால் அவன் மூக்கு நுனி துடிக்குமாம். அதனால் அக்காவுக்கு அவன் எலி. வந்ததும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, சோபாவில் அவள் பக்கத்தில் சரிந்து, தலையை அவள் தோளில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். அவர்கள் அம்மா ஷிஃப்ட் வேலைக்குப் போனவர். இவனைத் தோளில் போட்டுத் தூங்க வைத்ததெல்லாம் அக்காதான். இப்போது ஆள் வளர்ந்து வாசலில் குனிந்து உள்ளே வருகிறான். தலை மட்டும் இன்னும் அந்தத் தோளை விடவில்லை.

"எருமை மாதிரி கனக்கறே. எழுந்திருடா."

"நான் எலிதானே."

"தின்னு தின்னு எலி எருமையாயிடுச்சு."

எதிர் நாற்காலியில் நான் புத்தகத்தோடு இருப்பேன். "மாமா போன வாரம் படிச்ச பக்கத்தையேதான் இன்னும் படிக்கறாரு," என்பான். நான் பதில் சொல்ல மாட்டேன். அவனும் எதிர்பார்க்க மாட்டான். எங்களுக்குள் இருந்த பாசம் அப்படிப்பட்டது.

முதல் முறை நடந்தபோது தற்செயல் என்று விட்டுவிட்டோம். ஒரு ஷாம்புவுக்கு நாங்கள் கொடுத்த வாசனையும் போட்டி நிறுவனம் கொடுத்ததும் அக்கா தங்கை போல இருந்தன. இரண்டாவது முறை அப்படி விட முடியவில்லை. ஒரு பெரிய நிறுவனம் புதிதாகக் குளியல் சோப்பு கொண்டுவரப் போகிறது. அதற்காக என் மனைவி ஒரு கலவை செய்தாள். மழை விட்ட பிறகு, நனையாமல் தப்பிய துணிகளைக் கொடியிலிருந்து அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டு உள்ளே வருவோமே, அப்போது வரும் வாசனை. எங்கள் மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, போட்டி நிறுவனத்தின் மாதிரி அங்கே முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. கிட்டத்தட்ட அதே துணிகள், அதே மழை.

முதலாளி அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் கட்டைவிரல் அளவில் ஒரு பாட்டில் இருந்தது.

"காவல்காரரே, இது அவங்க சாம்பிள். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன். நம்ம வீட்லேர்ந்துதான் போயிருக்கு. எந்த ஓட்டை வழியா?"

"பார்க்கறேன் மேடம்."

"பார்த்துக்கிட்டேதான் இருக்கீங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வீட்டம்மாவோட தம்பி அங்க இருக்கான். இத்தனை வருஷத்துல நான் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?"

"இல்ல."

"இப்பவும் கேட்க வாய் வரல. ஆனா மத்தவங்க வாயை நான் மூட முடியுமா? சோப்புக்காரங்க மாசக் கடைசியில முடிவு சொல்லுவாங்க. அதுக்குள்ள ஓட்டை எதுன்னு சொல்லுங்க. இல்லேன்னா அவளைக் கலவை அறையிலேர்ந்து எடுத்து பேக்கிங்ல போடறதைத் தவிர எனக்கு வழியில்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலை என் பக்கம் தள்ளினார். "இதை அவகிட்டக் காட்டக் கூடாது. இந்தப் பேச்சும் அவ காதுக்குப் போகக் கூடாது."

சரி என்று எடுத்துக்கொண்டேன். படியிறங்கும்போது என் மனைவியை மனதுக்குள் பேக்கிங் பிரிவில் வைத்துப் பார்த்தேன். அட்டைப்பெட்டி, பசை, டேப். பாடத் தெரிந்தவளை வாசலில் நிறுத்தி டிக்கெட் கிழித்துக் கொடு என்று சொல்வது போலத்தான். அவள் மறுக்க மாட்டாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஓட்டை என்று நினைத்த எல்லாவற்றையும் அடைத்தேன். பென் டிரைவ் எதையும் எந்தக் கணினியும் ஏற்காதபடி செய்தேன். செல்போன்களை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் பூட்டினேன். ஃபார்முலாவை யார் எப்போது திறந்தார்கள், எத்தனை முறை அச்சடித்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குப்பைக் கூடைக்குள் தலையை விட்டேன். பாஸ்வேர்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தேன். கலவை அறையிலிருந்து என் மனைவி உள்தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என் பாஸ்வேர்டு என்னன்னு எனக்கே தெரியல. உங்களுக்காவது தெரியுமா, இல்ல அதுவும் ரகசியமா?"

"புதுசு அனுப்பியிருக்கேன்."

"எங்க அனுப்பினீங்க?"

"உன் மெயிலுக்கு."

"மெயிலைத் திறக்கத்தான் பாஸ்வேர்டு கேட்குது சாமி."

கடைசியாக, செய்ய விரும்பாத ஒன்றையும் செய்தேன். அலுவலகம் கொடுத்த போன்களில் போகும் செய்திகளை நான் படிக்கலாம். அதற்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவளும்தான். அவளும் அவள் தம்பியும் எழுதிக்கொண்டதை ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தேன். 'வரும்போது முட்டை வாங்கிட்டு வா.' 'எத்தனை?' 'நீ எத்தனை திம்பியோ அதைவிட ரெண்டு கூட.' 'மாமா பேசினாரா இன்னைக்கு?' 'காலைல உம்னாரு.' 'நல்ல முன்னேற்றம்.' வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை. திரையை அணைத்தேன். இவர்களைப் போய் வேவு பார்த்தேனே என்று இருந்தது.

வீட்டில் நான் எப்போதும் போலத்தான் இருந்தேன். அதாவது பேசாமல். ஆனால் என் மனைவியிடம் மௌனம் பலிக்காது. துவைக்கப் போட்ட என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்ச நாளா உங்க வேர்வை மாறியிருக்கு. பயந்தா வர்ற வேர்வை இது. என்ன விஷயம்?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன்.

"ஆபீஸ் விஷயமா? அப்போ சொல்லாதீங்க. விதி விதிதான்." சட்டையை மெஷினில் போட்டாள். "ஆனா பயப்படாதீங்க. சட்டை வீணாப்போகுது."

மாசக் கடைசி நெருங்கியது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு வாசனையைப் பிரித்து, எதெது எவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டும் இயந்திரம் இருக்கிறது. ஆய்வகப் பெண் இல்லாத நேரம் பார்த்து, போட்டி நிறுவன பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை அதில் போட்டேன். பழக்கமில்லாத கை. இன்னொரு சொட்டு என் விரலில் விழுந்தது. திரையில் வந்த கோடுகள் என் மனைவியின் ஃபார்முலாவோடு ஏறக்குறைய பொருந்தின. சின்னச் சின்ன வித்தியாசங்களுக்கு நடுவே ஓரிடத்தில் தனியாக ஒரு மேடு. மெந்தால் என்றது இயந்திரம். ஃபார்முலாவில் மெந்தால் கிடையாது. யாரோ இயந்திரத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று அதை ஒதுக்கிவிட்டேன். கையை சோப்பு போட்டுக் கழுவினேன். பாட்டிலை இரண்டு உறைக்குள் போட்டுப் பூட்டினேன். நல்ல காவல்காரன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி வழக்கம் போலத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் மேசை மேல் குனிந்து முகர்வதில் அவளுக்குக் கழுத்து வலி. அலுவலகத்தில் தைலத்தைத் தொடவே மாட்டாள், மூக்கைக் கெடுத்துவிடும் என்று. வீட்டுக்கு வந்து, அதே சட்டையோடு சோபாவில் உட்கார்ந்ததும்தான் டப்பாவைத் திறப்பாள்.

"எட்டலை. பின்னாடி கொஞ்சம் தடவுங்க," என்றாள்.

குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"என் சோப்பு வாசனை உங்க கையில எப்படி?"

அவள் மறுபடி முகர்ந்தாள். கண்ணை மூடி மூன்றாவது முறையும் முகர்ந்தாள். அவள் வேலை செய்யும்போது முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் இவ்வளவு அருகில் பார்த்தேன். வெகு தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவள் போல இருந்தாள்.

"இது என்னோடது இல்ல," என்றாள் மெல்ல. "என்னோடது மாதிரி. அடியில ஒரு மர வாசனை இருக்கு, அது நான் வெச்சதில்ல. அப்புறம் இது..." டப்பாவை எடுத்து முகர்ந்தாள். மறுபடி என் விரலை. "இதுல என் தைலம் இருக்கு."

"உன் கழுத்துலேர்ந்து வருதோ என்னவோ."

"என் மூக்குக்கே பாடமா? உங்க விரல்ல இருக்கு. வாசனைக்குள்ளயே இருக்கு." என் முகத்தைப் பார்த்தாள். "இது அவங்க சாம்பிள்தானே?"

இனி மறைக்க என்ன இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், மாசக் கடைசி, பேக்கிங். போன் செய்திகளைப் படித்ததையும் சொன்னேன். அதற்கு மட்டும் லேசாகச் சிரித்தாள். பிறகு தைல டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

"நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல," என்றாள். "கையைக்கூடக் கழுவிட்டு வந்தீங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சுடுச்சு."

"ஆமா."

"நானும் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல." தன் சட்டைத் தோளை இழுத்து முகர்ந்தாள். "நாள் பூரா கலந்தது இதுல இருக்கு. தைலம் இங்க வந்தப்புறம்தான் சேருது. ரெண்டும் சேர்ந்து இருக்கற இடம் உலகத்துலேயே இந்த சோபாதான்."

வாசலில் ஷூ விழும் சத்தம் கேட்டது. மச்சான் முட்டையோடு உள்ளே வந்தான், வழக்கம் போலச் சரிந்தான், தலையைத் தோளில் போட்டுக் கண்ணை மூடினான். மூக்கு நுனி ஒரு முறை துடித்து அடங்கியது. அவன் தலைக்கு மேலாக நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் அடைத்த ஓட்டைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அவள் அவனைத் தள்ளவில்லை. எருமை என்றும் சொல்லவில்லை. அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த தூசியை எடுத்துப் போட்டாள்.

மறுநாள் முதலாளி அம்மாவின் மேசையில் பாட்டிலையும் தைல டப்பாவையும் வைத்தேன். அவரும் மூக்கால் சம்பாதித்து முன்னேறியவர்தான். பாட்டிலில் காகிதப் பட்டையை நனைத்து முகர்ந்தார். டப்பாவை முகர்ந்தார். மறுபடி பட்டை. நான் நடந்ததைச் சொல்லி முடித்தபோது அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரமானது.

"வாசல்ல போனைப் பிடுங்கினீங்க. நேத்து என் பேனாவைக்கூடத் திறந்து பார்த்தீங்க. கடைசியில உங்க வீட்டு சோபாவா?"

"ஆமா மேடம்."

"அந்தப் பையன் தெரிஞ்சு செய்யலன்னு எப்படி நம்பறது?"

"தெரிஞ்சு திருடறவன் தைலத்தைச் சேர்த்தா திருடுவான்?"

அவர் யோசித்தார். "சரி. அவளைக் கலவை அறையிலேர்ந்து எடுக்கல. ஆனா ஓட்டையை அடைக்கணும். தம்பியை வீட்டுக்கு வராதேன்னு சொல்லிடச் சொல்லுங்க."

"அதை நீங்களே அவகிட்டச் சொல்லிடுங்க மேடம்."

கலவை அறை இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "வேண்டாம். வேற வழி சொல்லுங்க."

வழியை முன்பே எழுதிக்கொண்டு போயிருந்தேன். கலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு குளியலறை, வாசனையே இல்லாத சோப்பு, அலுவலகத்திலேயே மாற்றிக்கொள்ள உடை, ஒரு சலவை மெஷின். தகவல் பாதுகாப்புச் செலவு என்று தலைப்புப் போட்டிருந்தேன். "ஃபயர்வால் கேட்பீங்கன்னு பார்த்தா பக்கெட் கேட்கறீங்க," என்றார். கையெழுத்துப் போட்டார்.

மச்சானிடம் சொல்ல வேண்டாம் என்பது என் கட்சி. போட்டி நிறுவனத்தில் அந்த ஷாம்பு வாசனைக்காகத்தான் அவனுக்குத் தனி அறை கொடுத்திருந்தார்கள். "நீ குளிச்சுட்டு வந்தா போதும். அவனுக்குத் தெரியாமலே போகட்டும்," என்றேன்.

"குளிச்சுட்டு வந்தா அவனுக்குத் தெரியாதா? மூக்கை என்ன அழகுக்கா வெச்சிருக்கான்?"

அவள் சொன்னதுதான் நடந்தது. மாசம் முடிவதற்குள் அவசர அவசரமாகக் குளியலறை தயாரானதும், முதல் நாள் தலைக்குக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். தைலம் தடவவில்லை. அவன் வந்தான், சரிந்தான், தலையைப் போட்டான். உடனே எடுத்தான்.

"அக்கா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"நீ இல்லாத மாதிரி இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தேன். அது அவனுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். அவள் மெதுவாக, எதையும் விடாமல் சொன்னாள். பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. ஆனாலும் முடியும்வரை கேட்டான்.

"அதை நான் எப்படிச் செஞ்சேன் தெரியுமா," என்றான். "குளிச்சா எப்படி இருக்கணும்னு யோசிச்சேன். வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கணும்னு தோணுச்சு. அப்புறம் கை தானா போச்சு. மெந்தால் எதுக்குன்னு எல்லாரும் கேட்டாங்க. தெரியல, அது இல்லாம சரியா வரலன்னு சொன்னேன்." நிறுத்தினான். "அப்போ எதுவுமே என்னோடது இல்லையாக்கா? ஷாம்புவும் இல்லையா?"

"ஷாம்பு எனக்குத் தெரியாது. இதுல அடியில ஒரு மரம் வெச்சிருக்கே பாரு. அது உன்னோடது. எனக்கு அது தோணவே இல்ல. கண்டுபிடிச்சப்போ பொறாமையா இருந்துச்சு."

"சும்மா சொல்றே."

"வாசனை விஷயத்துல நான் என்னைக்குடா சும்மா சொல்லியிருக்கேன்? உன் முதல் கலவையைப் பூனை மூத்திரம்னேனே."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் வெளுப்பு கொஞ்சம் குறைந்தது. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. எனக்குச் சொல்ல ஏதோ இருந்தது. வார்த்தையாக வரவில்லை. எழுந்து போய் அவன் எறிந்த ஷூக்களை எடுத்து ஜோடியாக வைத்துவிட்டு வந்தேன்.

"நாளைக்கு என் பாஸ்கிட்டப் போய் இந்த சாம்பிளை வாபஸ் வாங்கறேன்," என்றான். "எனக்குத் திருப்தி இல்ல, வேற செய்யறேன்னு சொல்லிடறேன். அது பொய்யும் இல்ல."

"திட்டுவாங்களேடா."

"திட்டட்டும். மரம் என்னோடதுன்னா, மரத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன்." பிறகு அவளைப் பார்த்தான். எதையோ தேடும் பார்வை. இத்தனை வருடமாக அவன் கேட்கத் தேவையே இல்லாமல் போன ஒன்றை, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான். "இன்னைக்கு உனக்கு எப்படி இருந்துச்சுக்கா?"

"கழுத்து விண்ணு விண்ணுனு தெறிக்குது."

"அதைத் தடவறதுதானே?"

"நீ வந்து முகர்ந்து பார்க்கட்டும்னு சும்மா உட்கார்ந்திருந்தேன்."

அவன் எழுந்து டப்பாவை எடுத்து வந்து, சோபாவுக்குப் பின்னால் நின்று தடவ ஆரம்பித்தான். அறை முழுக்கத் தைலம் ஏறியது. அவன் மூக்கு நுனி துடித்தது.

"இதுல மெந்தால் அதிகம். நான் செஞ்சா பாதியாக் குறைச்சுட்டு..."

"விதி," என்றாள் என் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"சரி சரி." கொஞ்ச நேரம் தடவினான். "மாமா, புத்தகத்தைக் கீழ வெச்சுட்டீங்களே. முடிஞ்சுதா?"

"இல்ல," என்றேன். "இன்னும் அந்தப் பக்கத்துலதான் இருக்கேன்."